ஸ்கால்கோட்டாஸின் தந்தி வாத்தியக் கன்செர்ட்டோக்கள்: முதன்முறை ஒலிப்பதிவு செய்வோருக்கு

ஒரு பெத்தோவன் வயலின் கன்செர்ட்டோவை, அதாவது தனிக் கலைஞர் இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பை, பதிவு செய்யும்போது, வாசிப்பவர்கள், நடத்துபவர், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் என எல்லோருடைய காதிலும் அந்த இசை ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும். தப்பான சுரம் ஒன்று விழுந்தால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் முகம் சுளிப்பார்கள். கிரேக்க இசையமைப்பாளர் நிக்கோஸ் ஸ்கால்கோட்டாஸின் கன்செர்ட்டோக்களைப் பதிவு செய்யப் போகிறவருக்கு அந்த வசதி இல்லை. அறுபது எழுபது பேர் உள்ள இசைக்குழுவில் பெரும்பாலோர் அந்த இசையை முதல் ஒத்திகையில்தான் முதன்முறையாகக் கேட்கிறார்கள். ஆகவே இப்பதிவில் தயாரிப்பாளரின் வேலையில் பெரும்பகுதி மைக்குகளை நிறுத்துவதற்கு முன்பே, மேசையில், பென்சிலோடு முடிந்துவிட வேண்டும். கீழே சொல்லியுள்ள படிகளில் இசைக்குறிப்பைப் பற்றிய பகுதி மற்றவற்றைவிட நீண்டிருப்பதற்கு அதுவே காரணம்.

எதைப் பதிவு செய்யப் போகிறீர்கள்

ஸ்கால்கோட்டாஸ் 1904-ல் எவியா தீவின் கால்கிதா நகரில் பிறந்தார். ஏதென்ஸ் இசைக் கல்லூரியில் வயலின் பயின்று 1920-ல் தேறியபின் பெர்லின் சென்று வில்லி ஹெஸ்ஸிடம் வயலின் கற்றார். பிறகு வயலின் கலைஞராகும் எண்ணத்தைக் கைவிட்டு இசையமைப்புக்குத் திரும்பி, 1927 முதல் அர்னால்ட் ஷோன்பெர்க்கின் வகுப்பில் இருந்தார். 1933-ல் ஏதென்ஸ் திரும்பினார். கையெழுத்துப் பிரதிகள் பல பெர்லினிலேயே தங்கிவிட, அவற்றில் கணிசமானவை காணாமற்போயின. அதன்பின் 1949-ல் 45 வயதில் இறக்கும்வரை நகரின் இசைக்குழுக்களில் பின் வரிசை வயலின் வாசித்துச் சம்பாதித்தபடியே, பெரும்பாலும் யாரும் வாசிக்காத பெரும் படைப்புகளை எழுதிக்கொண்டிருந்தார்.

தந்தி வாத்தியங்களுக்கான அவருடைய கன்செர்ட்டோக்களில் இங்கே நான்கை எடுத்துக்கொள்வோம். 1937-38-ல் எழுதிய வயலின் கன்செர்ட்டோ. 1939-40-ன் வயலின், வியோலா, காற்று வாத்தியக் குழு ஆகியவற்றுக்கான கன்செர்ட்டோ. 1940-களின் முற்பகுதியில் எழுதிய டபுள் பாஸ் கன்செர்ட்டோ. 1944-45-ன் இரண்டு வயலின்களுக்கான கன்செர்ட்டோ. கடைசியாகச் சொன்னதற்கு அவர் இசைக்குழு அமைப்பை எழுதி முடிக்கவில்லை. இரண்டு பியானோக்களுடன் வாசிக்கும் வடிவம்தான் அவர் கையால் கிடைத்திருக்கிறது.

புதியவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து. நான்கு கலைஞர்கள், ஒரு சிறிய மண்டபம், நன்றாகச் சுருதி சேர்த்த இரண்டு பியானோக்கள் போதும். அவருடைய எழுத்துமுறையின் அடர்த்தியை இசைக்குழுவின் செலவு இல்லாமல் அங்கே பழகிக்கொள்ளலாம். அதன் நடுப் பகுதி, வசிலிஸ் சிட்சானிஸின் ரெபெட்டிகோ (கிரேக்க நகர்ப்புற மக்களின் பாடல் வகை) பாடல் ஒன்றின் மெட்டை எடுத்து அதன்மேல் வேறுபாடுகளாக விரிவது. பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையாக அமைத்து அதிலிருந்தே இசையைக் கட்டும் பன்னிரு சுர முறையில் தேர்ந்த ஒருவர் துறைமுகச் சாராயக்கடைகளில் வளர்ந்த மெட்டை எப்படிக் கையாண்டார் என்பதைக் கேட்பதே தனி அனுபவம்.

உரிமை

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இசையமைப்பாளர் இறந்து 70 ஆண்டுகள் கழிந்த பின் உரிமை முடிவதால், ஸ்கால்கோட்டாஸின் இசை 2020-ன் தொடக்கத்தில் பொதுவுடைமை ஆயிற்று. இதை மட்டும் படித்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. அவர் மறைவுக்குப் பின் அச்சேறிய படைப்புகளுக்கு அமெரிக்காவில் வேறு கணக்கு உண்டு. புதிதாகத் திருத்திப் பதிப்பித்த ஸ்கோர்களுக்கும் (எல்லா வாத்தியங்களின் குறிப்பும் சேர்ந்த முழு ஏடு) வாடகைக்குத் தரும் பார்ட்டுகளுக்கும் (ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனி ஏடு) பதிப்பாளரின் தனி நிபந்தனைகள் உண்டு. மேலே சொன்ன ரெபெட்டிகோ மெட்டின் சொந்தக்காரரான சிட்சானிஸ் 1984-ல்தான் இறந்தார் என்பதால், அந்தக் கன்செர்ட்டோவின் நடுப் பகுதிக்கு உரிமைச் சங்கத்தில் தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்கோரும் பார்ட்டும்

இனி முக்கியமான படி. ஸ்கால்கோட்டாஸ் தன் வாழ்நாளில் இவ்வயலின் கன்செர்ட்டோவை ஓர் இசைக்குழு வாசித்துக் கேட்டதில்லை. இதன் நடைமுறை விளைவைப் புதியவர்கள் பெரும்பாலும் உணர்வதில்லை. ஒத்திகையில் உட்கார்ந்து, 'இரண்டாம் கிளாரினெட்டுக்கு இங்கே ஷார்ப் விட்டுப்போயிற்று' என்று இசையமைப்பாளரே திருத்தும் சந்தர்ப்பம் இப்படைப்புகளுக்கு வாய்க்கவில்லை. பார்ட்டுகள் பின்னாளில் பிறர் எடுத்தெழுதியவை. எனவே பிழை இருக்கும் என்று எண்ணிக்கொண்டே அணுக வேண்டும்.

பதிவுக்குக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன் முழு ஸ்கோரையும் எல்லாப் பார்ட்டுகளையும் கையில் வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு பார்ட்டையும் ஸ்கோரோடு பார் பாராக (பார் என்பது செங்குத்துக் கோடுகளுக்கு இடையிலான தாளக் கட்டம்) ஒத்துப் பாருங்கள். ஸ்கோரிலேயே ஐயம் எழுந்தால், பதிப்பாளரிடம் திருத்தப் பட்டியல் உண்டா என்று கேளுங்கள். அவருடைய கையெழுத்துப் பிரதிகளின் காப்பகம் ஏதென்ஸில் லிலியன் வுதூரி இசை நூலகத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஐயங்களை ஒன்றொன்றாக அனுப்பி அவர்களைச் சலிப்படைய வைக்காமல், பக்க எண், பார் எண், வாத்தியம், ஐயம் என நான்கு கட்டங்கள் போட்ட ஒரே தாளில் தொகுத்து அனுப்பினால் பதில் விரைவில் வரும்.

ஐயத்தைத் தீர்ப்பதில் ஸ்கால்கோட்டாஸின் முறையே நமக்கு உதவுகிறது. ஷோன்பெர்க்கைப் போல ஒரு படைப்பு முழுவதற்கும் ஒரே சுர வரிசையை அவர் பிடித்துக்கொள்வதில்லை. பல வரிசைகளைக் குழுவாக எடுத்துக்கொண்டு, அவற்றைப் பழைய இசையில் கருப்பொருள்கள் திரும்பி வருவதுபோல அடையாளம் தெரியும்படி திரும்பக் கொண்டுவருகிறார். ஆகவே ஒரு பகுதியில் ஐயத்துக்குரிய சுரம் இருந்தால், அதே பொருள் மீண்டும் வரும் இடத்தைத் தேடி ஒப்பிடுங்கள். இரண்டு இடங்களிலும் வேறு வேறாக இருந்தால் அவசரப்பட்டுத் திருத்தாமல், பக்கத்தில் கேள்விக்குறி போட்டு நடத்துநரிடம் கொண்டுபோங்கள். வேண்டுமென்றே மாற்றியிருக்கவும் கூடும்.

இந்தப் படியைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதை நான் வேறொரு நவீனப் படைப்பின் பதிவில் கற்றுக்கொண்டேன். காற்று வாத்தியங்கள் ஐந்து சேர்ந்து பிடிக்கும் ஒரு கூட்டொலியில் ஒருவர் பார்ட்டில் அரைச் சுரம் தள்ளி அச்சாகியிருந்தது. மூன்று டேக், அதாவது மூன்று முறை பதிவு, முடிந்தது. வாசித்தவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கடுமையான இசை என்ற முன்முடிவில், கடுமையாக ஒலித்தது எல்லாமே சரி என்று இருவரும் எடுத்துக்கொண்டோம். நான்காம் டேக்கின்போது ஒரு வாத்தியக்காரர் தண்ணீர் குடிக்கப் போனதால் அந்த இடம் ஒருவர் குறைவாக ஒலித்து, கூட்டொலி திடீரென்று தெளிந்தது. அதன் பிறகுதான் பார்ட்டை வாங்கிப் பார்த்தோம். அன்று போன நாற்பது நிமிடங்களுக்கு இசைக்குழு முழுவதற்கும் கூலி கொடுத்தாயிற்று.

ஒத்துப் பார்க்கும் வேலை முடிந்ததும், உங்கள் ஸ்கோரில் வெட்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இசைக்குழு முழுதும் ஒரே நேரத்தில் தாக்கும் இடம், எல்லோரும் ஓயும் கணம், தாளம் மாறும் முதல் அடி ஆகியவை ஒரு டேக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஏற்றவை. ஸ்கால்கோட்டாஸின் பின்னலில் ஒரு குரல் முடியுமுன் இன்னொன்று தொடங்கிவிடுவதால் இத்தகைய இடங்கள் அரிது. பக்கத்துக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது என்ற நிலையில், அவற்றை முன்கூட்டியே அறிந்திருப்பவர் செஷனில் (பதிவு அமர்வில்) பாதி நேரத்தை மிச்சப்படுத்துவார்.

பழைய பதிவுகளைக் கேட்கலாமா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. ஸ்வீடனின் பிஸ் (BIS) இசைத்தட்டு நிறுவனம் நிக்கோஸ் கிறிஸ்டோடூலூவின் நடத்துதலில் வெளியிட்ட தொடரில், யோர்கோஸ் டெமெர்ட்சிஸ் மால்மோ இசைக்குழுவுடன் வாசித்த வயலின் கன்செர்ட்டோவும், வசிலிஸ் பாப்பவசிலியூ ஐஸ்லாந்து இசைக்குழுவுடன் வாசித்த டபுள் பாஸ் கன்செர்ட்டோவும் கட்டாயம் கேட்க வேண்டியவை. ஆனால் ஸ்கோரை ஒருமுறையாவது முழுக்க வாசித்து முடித்த பின் கேளுங்கள். முதலில் காதில் விழும் ஒலிச் சமநிலை மனத்தில் ஒட்டிக்கொண்டால், ஸ்கோரில் வேறுவிதமாக எழுதியிருப்பது கண்ணில் படாது.

மண்டபமும் நேரமும்

பிரிட்டனில் நெடுங்காலமாக உள்ள ஏற்பாட்டின்படி, மூன்று மணி நேர செஷன் ஒன்றில் ஒரு சிம்பொனி இசைக்குழுவிடமிருந்து அதிகபட்சம் 20 நிமிட முடிந்த இசைதான் எடுக்கலாம். ஊருக்கு ஊர் ஒப்பந்தம் மாறினாலும், கணக்குப் போட இது நல்ல அளவுகோல். வயலின் கன்செர்ட்டோ ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடுவது. கணக்கின்படி இரண்டு செஷன் போதும் என்று தோன்றும். இவ்வளவு பழகாத இசைக்கு மூன்றுக்குக் குறைவாகத் திட்டமிடாதீர்கள். பணம் போதாவிட்டால் ஆல்பத்தில் ஒரு படைப்பைக் குறையுங்கள், செஷனைக் குறைக்காதீர்கள்.

மண்டபத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எதிரொலி மிகுந்த தேவாலயங்களைத் தவிர்க்க வேண்டும். நீண்ட எதிரொலி மெதுவான, அகன்ற இசைக்கு அழகு சேர்க்கும். ஐந்தாறு குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் இசையில் அது எல்லாவற்றையும் கரைத்துவிடும். ஆளில்லாத மண்டபத்தில் ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். ஒலி தேய்ந்து மறைய இரண்டு விநாடிக்கு மேல் பிடித்தால் வேறு இடம் தேடலாம்.

வெப்பநிலையையும் சுருதியையும் குறித்துக்கொள்வது சிறு வேலை, ஆனால் காற்று வாத்தியக் குழுவுடன் பதியும் இரட்டைக் கன்செர்ட்டோவில் அதுதான் ஆளையே காப்பாற்றும். வாத்தியத்துக்குள் இருக்கும் காற்று ஒரு டிகிரி சூடானால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறும். காலைக்கும் மாலைக்கும் மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தால் 9 சென்ட் ஆகிவிடும். சுருதி சேர்க்கும் அளவான 440 ஹெர்ட்ஸுக்கும் 442 ஹெர்ட்ஸுக்கும் இடையே உள்ள வித்தியாசமே சுமார் 8 சென்ட்தான் என்பதை நினைத்தால், காலை டேக்கையும் மாலை டேக்கையும் ஒட்டினால் ஏன் இடறுகிறது என்பது புரியும். ஒவ்வொரு செஷனின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் சுருதியை அளந்து குறிப்பேட்டில் எழுதுங்கள்.

மைக்குகள்

அடிப்படை ஏற்பாட்டில் புதுமை வேண்டியதில்லை. நடத்துநருக்குச் சற்றுப் பின்னே, தரையிலிருந்து மூன்று, மூன்றரை மீட்டர் உயரத்தில், எல்லாத் திசையிலும் கேட்கும் மூன்று மைக்குகளை டெக்கா ட்ரீ எனப்படும் முக்கோணத்தில் நிறுத்துங்கள். இடவல மைக்குகளுக்கு இடையே இரண்டு மீட்டர், நடுமைக் ஒன்றரை மீட்டர் முன்னே என்று தொடங்கி, கேட்டுக் கேட்டு நகர்த்துங்கள். பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும்.

தனிக் கலைஞருக்கு அருகில் வைக்கும் மைக்கில்தான் பிழைகள் நேர்கின்றன. அதற்கும் பிரதான மைக்குகளுக்கும் ஒலி வந்துசேரும் நேரம் வேறுபடும். இரண்டரை மீட்டர் தூர வித்தியாசம் என்றால் ஏழு மில்லிவிநாடிக்குச் சற்று அதிகம். அருகு மைக்கை அந்த அளவு தாமதப்படுத்திக் கலக்காவிட்டால் வயலின் குழுவிலிருந்து பிரிந்து, கண்ணாடியில் ஒட்டிய படம்போல முன்னே தொங்கும். அருகு மைக்கின் அளவை மெல்ல மெல்ல ஏற்றுங்கள். அது திறந்திருப்பது தெரியாமல், அணைத்தால் மட்டும் ஏதோ குறைவதாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள்.

வயலின் கன்செர்ட்டோவில் இந்தக் கட்டுப்பாடு கடினம். வயலினைச் சுற்றி இசைக்குழு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். இரட்டைத் தந்தி வாசிப்பும் உயர்ந்த நிலைகளில் ஓடும் வேகமும் குழுவுக்குள் மறைந்துபோகும்போது கை தானாக அருகு மைக்கின் விசையை நோக்கிப் போகும். போகவிடாதீர்கள். அங்கே வேண்டியது, பக்கவாட்டில் இருக்கும் காற்று வாத்தியங்களை ஒரு படி மென்மையாக வாசிக்கச் சொல்வது. நடத்துநரிடம் எந்தப் பாரில் எந்த வாத்தியம் என்று குறிப்பாகச் சொன்னால் மறுக்கமாட்டார். ஆனால் குழு முழுவதையும் அடக்கிவிடவும் கூடாது. வயலினோடு சமமாக மல்லுக்கு நிற்கும் குரல்களை இவர் எழுதியிருக்கிறார். அவை பின்னணி ஆனால் படைப்பே பாதியாகிவிடும்.

இரட்டைக் கன்செர்ட்டோவில் டிரம்பெட், டிரோம்போன் வாய்கள் நேராகத் தனிக் கலைஞர்களின் மைக்குகளை நோக்கித் திறந்திருக்கும். அவற்றைச் சற்றுத் திருப்பி உட்கார வைத்து, அருகு மைக்குகளின் கேளாத் திசை பித்தளை வாத்தியங்களின் பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள். வயலினையும் வியோலாவையும் ஒரே மைக்கில் பிடிக்கும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. வியோலாவின் நடுத்தாழ் குரல் கிளாரினெட், ஹார்ன் ஆகியவற்றின் குரலோடு ஒரே இடத்தில் விழுவதால் அதற்குத் தனிக் கவனம் தேவை.

டபுள் பாஸ் கன்செர்ட்டோ தனி உலகம். தனிக் கலைஞர் பெரும்பாலும் தன் தந்திகளை ஒரு முழுச் சுரம் உயர்த்திச் சுருதி சேர்த்திருப்பார். இந்த வாத்தியத்துக்கு எழுதுவது ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் என்பதோடு, உயர்த்திய சுருதிக்காக மாற்றி எழுதிய பார்ட்டும் புழக்கத்தில் இருக்கலாம். கலைஞர் கையில் இருப்பது எந்தப் பார்ட், அது உங்கள் ஸ்கோரோடு எப்படிப் பொருந்துகிறது என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் டேக் நடுவே எந்தச் சுரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்றே இருவருக்கும் விளங்காது.

அடுத்தது மேடை. வாத்தியத்தின் அடி ஊசி நிற்கும் பலகைக்குக் கீழே வெற்றிடம் இருந்தால், சில சுரங்களில் பலகையே பறைபோல அதிரும். எல்லா அரைச் சுரங்களையும் ஒவ்வொன்றாக, மெதுவாக, ஒரே அழுத்தத்தில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு சுரம் மட்டும் வீங்கினால் கலைஞரை ஒரு முழம் நகர்த்துங்கள். அல்லது ஊசிக்கடியில் கனமான பலகைத் துண்டு வையுங்கள். நான் பார்த்த வரையில், விலையுயர்ந்த மைக்கை மாற்றுவதைவிட அந்தப் பலகைத் துண்டு அதிகம் செய்திருக்கிறது. மைக்கை வாத்தியத்தின் பாலத்துக்கு எதிரே ஒன்றேகால் மீட்டர் தள்ளி வைத்து, வில் தந்தியைக் கீறும் ஒலி குத்தாத கோணத்துக்குத் திருப்புங்கள். குழுவிலுள்ள டபுள் பாஸ்காரர்களைத் தனிக் கலைஞருக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைத்தால் இரண்டும் கலந்து குழம்பாது. தாழ்ந்த அதிர்வெண்களை வடிகட்டி நீக்கும் வசதியைத் தொடாதீர்கள். சாதாரணச் சுருதியில் டபுள் பாஸின் கீழ்த் தந்தியே 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. ஏசியை நிறுத்திவிட்டு, வெளியே லாரி போகும் நேரத்தைக் குறித்துக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

செஷனில்

ஒவ்வொரு பகுதியையும் முதலில் தொடக்கம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் எடுங்கள். இரண்டாம் முறையும் முழுதாகவே எடுங்கள். பிறகுதான் துண்டுகளுக்கு இறங்க வேண்டும். துண்டு எடுக்கும்போது வெட்டு இடத்துக்கு ஆறேழு பார் முன்னிருந்து தொடங்கி, அடுத்த வெட்டு இடத்தைத் தாண்டி இரண்டு மூன்று பார் வரை போகச் சொல்லுங்கள். வெட்டு இடத்தில் இருந்தே தொடங்கினால் முந்தைய ஒலியின் எச்சம் இருக்காது, ஒட்டியது காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்கோரில் ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு நிறம் வைத்துக்கொண்டு, நன்றாக வந்த பார்களின் மேல் கோடு இழுத்துக்கொண்டே போங்கள். எந்த நிறமும் படாத பார் இருக்கும்வரை அந்தப் பகுதி முடியவில்லை என்று பொருள். டாக்பேக்கில் (கட்டுப்பாட்டு அறையிலிருந்து மண்டபத்தோடு பேசும் கருவி) நடத்துநரோடு மட்டும் பேசுங்கள். பார் எண்ணை முதலில், வாத்தியத்தைப் பிறகு, குறையைக் கடைசியில் சொல்லுங்கள்: '112, இரண்டாம் ஓபோ, பி ஃபிளாட்' என்பது போதும். சுரப் பிழை முதலில், சேர்ந்து வாசிக்காதது அடுத்து, சுருதி அதற்குப் பின் என்ற வரிசையில் திருத்துங்கள். பழகாத இசையில் கலைஞர்கள் முதல் ஒரு மணி நேரம் தயங்கியே வாசிப்பார்கள். அந்த நேரத்தில் கடினமான இடத்தை வலியுறுத்தினால் நாள் முழுதும் தயக்கம் போகாது.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் கடைசி ஒலி அடங்கிய பின் ஐந்து விநாடி யாரும் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். நாளின் முடிவில், எல்லோரும் இருக்கையில் இருக்கும்போதே, மண்டபத்தின் வெறும் மௌனத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பகுதிகளுக்கு இடையே இட்டு நிரப்ப அதுதான் வேண்டும்; கணினியின் வெற்று அமைதியைப் போட்டால், கேட்பவருக்கு மின்சாரம் போனதுபோல இருக்கும்.

வெட்டி ஒட்டுதலும் வெளியீடும்

முதல் எடிட்டைத் தனிக் கலைஞருக்கும் நடத்துநருக்கும் அனுப்பி, பார் எண்ணோடு கருத்துக் கேளுங்கள். இரண்டு சுற்றுக்கு மேல் போகாமல் முன்பே பேசிக்கொள்வது நட்பைக் காக்கும். மாஸ்டரிங்கில் (வெளியீட்டுக்கு முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) ஒலி அளவின் வேறுபாட்டை நசுக்க வேண்டாம். மென்மையான இடத்துக்கும் பெருத்த இடத்துக்கும் உள்ள தூரம் குறைந்தால் பின்னலில் உள்ள குரல்கள் ஒரே தட்டில் விழுந்துவிடும்.

இசையமைப்பாளர் பெயரை ஆங்கில எழுத்திலும் கிரேக்க எழுத்திலும் ஒரே மாதிரி, எல்லா டிராக்குகளிலும் எழுதுங்கள். அவர் பெயருக்குப் பல எழுத்துக்கூட்டல்கள் புழங்குவதால் தேடுபவருக்குப் பாதிப் பதிவுகள் சிக்காமல் போகின்றன. படைப்புகளை அடையாளங்காண ஏ/கே என்று தொடங்கும் பட்டியல் எண்களையும் சேருங்கள். ஸ்கோரில் நீங்கள் செய்த திருத்தங்களின் பட்டியலைச் சிற்றேட்டில் ஒரு பக்கமாக அச்சிடுங்கள். அதன் ஒரு படியை, உங்கள் நிறக்கோடுகள் உள்ள ஸ்கோரின் ஸ்கேனோடு சேர்த்து, ஏதென்ஸில் உள்ள அந்தக் காப்பகத்துக்கும் பார்ட் கொடுத்த பதிப்பாளருக்கும் அனுப்பிவையுங்கள். அடுத்து வாடகைக்கு எடுப்பவரின் பார்ட்டில் அந்த ஷார்ப் விட்டுப்போயிருக்காது.